சோக் ஏன் சூடாகிறது?

ஜப்பானில் இருந்து வந்த பழைய ரைஸ் குக்கரோ, அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பிய மிக்ஸியோ வீட்டுக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது ‘ஸ்டெப் டவுன்’ பெட்டியைத்தான். நம் சுவரில் இருந்து வருவது 230 வோல்ட். அந்தச் சாமான் கேட்பது 100 அல்லது 120 வோல்ட். நடுவில் அந்தக் கனத்த இரும்புப் பெட்டியை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நம்புகிறோம். பெரும்பாலான சாமான்களுக்கு அது போதும். சிலவற்றுக்குப் போதாது. ஏன் போதாது என்பதைக் காட்ட பின்போல் இயந்திரத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்போலைப் பழைய சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போட்ட சரிவான மேசை, உள்ளே ஓடும் உருக்குக் குண்டு, அது விழாமல் தட்டிவிட இரண்டு சிறு துடுப்புகள். மேசையின் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெட்டி. அதன் முகப்பில் வண்ணப்படம். உலகத்தில் செய்யப்பட்ட பின்போல் இயந்திரங்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துத் தயாரிப்பு. கொட்லீப், பேலி, வில்லியம்ஸ், ஸ்டேர்ன் எல்லாமே அந்த ஊர் நிறுவனங்கள். முகப்புப் படத்தைப் பின்னால் இருந்து ஒளியூட்டப் பல மொடல்களில் சின்ன டியூப் லைட் ஒன்றைப் பொருத்தினார்கள். 18 அங்குல நீளம், 15 வாட்.

இப்படி ஓர் இயந்திரம் வலப்பனைப் பக்கம், இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ ஒரு கடைக்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெப் டவுன் பெட்டியைக் கொடுத்து ஆளியைப் போட்டால் குண்டு ஓடுகிறது, மணி அடிக்கிறது, புள்ளிகள் ஏறுகின்றன. டியூப் லைட்டும் எரிகிறது. ஆனால் படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு கனமான ரீங்காரம் கேட்கிறது. சற்று நேரத்தில் டியூபோடு இணைத்திருக்கும் சோக் கைவைக்க முடியாதபடி கொதிக்கிறது, வார்னிஷ் கருகும் வாடை வருகிறது. டியூபை மாற்றினாலும் அதே கதைதான். இயந்திரம் முழுவதற்கும் ஒரே மின்சாரம்தான் போகிறது. மற்றெல்லாம் சரியாக வேலை செய்யும்போது இந்த ஒரு துண்டுக்கு மட்டும் என்ன வந்தது?

பதிலுக்கு முதலில் டியூபுக்குள் போக வேண்டும். அதற்குள் காற்று இல்லை. மிகக் குறைந்த அழுத்தத்தில் கொஞ்சம் ஆகன் வாயு, அதோடு சில மில்லிகிராம் இரசம். இரு முனைகளிலும் மெல்லிய கம்பிச் சுருள்கள். சுருள் சூடானால் அதில் இருந்து இலத்திரன்கள் கிளம்பும். மின்னழுத்தம் அவற்றை மறுமுனைக்கு இழுக்கும். ஓடும் வழியில் அவை இரச அணுக்களில் மோதும். மோதல் வாங்கிய அணு, பெற்ற சக்தியை ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர். அதன் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் 254 பங்கு. டியூபின் உட்சுவரில் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அந்தக் கதிரைக் குடித்துக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகத் தருகிறது. இதைத்தான் புளோரொளிர்வு என்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பொடி வெளிச்சமாக மாற்றுகிறது என்பதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்தக் கதையில் நம் மலைநாட்டுக்கும் ஒரு பந்தம் உண்டு. கேம்பிரிட்ஜில் இருந்த ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1852ல் இதை ஆராய்ந்தார். இருட்டறையில் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியாக விட்டு நிறங்களாகப் பிரித்தார். குயினைன் கரைசல் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாயைச் சிவப்பில் தொடங்கி ஊதா வரை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். பெரும்பாலான நிறங்களில் கரைசல் தெளிந்த தண்ணீர் போலவே இருந்தது. ஊதாவைத் தாண்டி, கண்ணுக்கு வெறும் இருட்டாக இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்ததும் அது நீலமாக ஒளிர்ந்தது. இருட்டாகத் தெரிந்த இடத்தில் ஏதோ ஒரு கதிர் விழுகிறது, கரைசல் அதை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. குயினைன் சிங்கோனா மரப்பட்டையில் இருந்து எடுக்கும் மருந்து. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹக்கலைப் பூங்கா 1861ல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பிச் செடியை இலை நோய் அழித்த பிறகு, தேயிலை நிலைபெறும் வரைக்கும் இந்த மலைகளில் நம் முன்னோர் நட்டதும் பட்டை உரித்ததும் அந்த மரத்தையே. டியூப் லைட்டின் விஞ்ஞானத்தை முதலில் காட்டிக் கொடுத்த பொருள் நம் ஊரில் விளைந்தது என்பதை ஒவ்வொரு தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். டியூபுக்குள் ஓட்டம் தொடங்கிவிட்டால் அதற்குத் தானாக நிற்கத் தெரியாது. சாதாரணக் கம்பியில் இத்தனை வோல்ட் கொடுத்தால் இத்தனை அம்பியர் என்று ஒரு கட்டு உண்டு. வாயுவில் அந்தக் கட்டு இல்லை. ஓடும் இலத்திரன்கள் அணுக்களை உடைத்துப் புதிய இலத்திரன்களை விடுவிக்கின்றன. ஓட்டம் கூடக்கூட வழி இன்னும் இலகுவாகிறது. வழி இலகுவானால் ஓட்டம் மேலும் கூடுகிறது. கட்டுப்படுத்த எதுவும் இல்லாமல் டியூபை நேராக மின்சாரத்தில் கொடுத்தால் சுருள் எரிந்துபோகும். ஆகவே எந்த டியூப் லைட்டுக்கும் பக்கத்திலேயே ஓட்டத்துக்குக் கடிவாளம் போட ஒரு பொருள் தேவை. அதுதான் சோக். பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டே பொருள்கள்: அடுக்கடுக்கான இரும்புத் தகடுகள், அவற்றைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள்.

வெறும் செப்புக் கம்பி எப்படி மின்சாரத்தைத் தடுக்கும்? கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலம் மாறும்போதெல்லாம் சுருளுக்குள் ஓர் எதிர் மின்னழுத்தம் பிறக்கும். அது எப்போதும் மாற்றத்தை எதிர்த்தே நிற்கும். மைக்கேல் பரடே 1831ல் லண்டனில் இதன் அடிப்படையைக் காட்டினார். ஒரு சுருள் தன் சொந்த ஓட்டத்தின் மாற்றத்தையே எதிர்க்கும் என்பதை அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி அடுத்த ஆண்டில் எழுதினார். பாடப்புத்தகம் இதைத் தூண்டல் என்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘மாற்றம்’. நேரோட்டத்தை, அதாவது பற்றரியில் இருந்து ஒரே திசையில் வரும் மின்சாரத்தைச் சோக் ஏறக்குறைய தடுப்பதே இல்லை. திசை மாறி மாறி வரும் ஆடலோட்டத்தைத்தான் தடுக்கிறது. எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு பலமாகத் தடுக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து ஏற்றிய கனமான ட்ரொலியைத் தள்ளியவர்களுக்கு இது உடனே புரியும். ட்ரொலியை ஒரே பலத்தோடு முன்னே தள்ளிவிட்டு உடனே பின்னே இழுத்து, மறுபடி முன்னே தள்ளிப் பாருங்கள். வெகுவேகமாக மாற்றி மாற்றிச் செய்தால் ட்ரொலி இருந்த இடத்திலேயே கொஞ்சம் ஆடும்; அவ்வளவுதான். அது அசையத் தொடங்குவதற்குள் கை திசையை மாற்றிவிடுகிறது. அதே பலத்தோடு நிதானமாக மாற்றினால் ட்ரொலி நன்றாக வேகம் எடுத்து முன்னும் பின்னும் ஓடும். கையின் பலம் மாறவில்லை. திசை மாற்றும் வேகம்தான் குறைந்தது. இங்கே கையின் பலம் வோல்ட், ட்ரொலி எடுக்கும் வேகம் அம்பியர், ட்ரொலியின் கனம் சோக்.

திசை மாற்றும் இந்த வேகத்தை மீடிறன் என்கிறோம், அளவு ஹேர்ட்ஸ். இலங்கையில் மின்சாரம் ஒரு செக்கனில் 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. அமெரிக்காவில் 60 தடவை. சிக்காகோ சோக் 60 ஹேர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டுச் சுற்றப்பட்டது. அதை 50இல் ஓட்டினால் திசை மாற்றம் நிதானமாகிறது, தடுப்பு ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஆக, அதே 120 வோல்ட்டில் ஓட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தோடு சரிசமமாக ஏறாது. ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நாலு மடங்கு. அந்தக் கணக்கில் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே வெப்பம் 44 வீதம் கூடிவிடும். கதை அதோடும் முடியவில்லை. இரும்புக்குத் தாங்கக்கூடிய காந்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. திசைமாற்றம் நிதானமானால் ஒவ்வொரு தள்ளலிலும் காந்தம் ஏறுவதற்கு அதிக நேரம் கிடைக்கிறது. எல்லையைத் தொட்டுவிட்டால் இரும்பு அதற்குமேல் எதிர்த்து நிற்காது. அந்தக் கணத்தில் சோக் வெறும் செப்புக் கம்பிதான். ஓட்டம் துள்ளி ஏறும்.

‘நான் 120 கொடுக்கவில்லையே, 110 தானே கொடுக்கிறேன்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையாகவே 110 போனால் மிகையோட்டம் பெரிதாகக் குறைந்துவிடும், சோக் ஒருவாறு தாக்குப்பிடிக்கலாம். ஆனால் பல ஸ்டெப் டவுன் பெட்டிகள் வந்ததைப் பாதியாக்கித் தருபவை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் எரியும்போது வோல்ட் இறங்கும். நடுநிசியில் பாவனை குறைந்ததும் 240ஐத் தொடும். அப்போது பெட்டி 120ஐக் கொடுக்கும். இரவு முழுக்க அணைக்காமல் விட்ட இயந்திரத்தில் சோக் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஸ்டெப் டவுன் பெட்டி வோல்ட்டைப் பாதியாக்குகிறதே, ஹேர்ட்ஸை மாற்றக்கூடாதா? முடியாது. அந்தப் பெட்டி ஒரு நிலைமாற்றி. ஒரு சுருளின் காந்தம் மாறும்போது அடுத்த சுருளில் மின்சாரம் பிறக்கிறது. முதல் சுருள் எந்தத் தாளத்தில் மாறுகிறதோ அதே தாளத்தில்தான் இரண்டாவதில் பிறக்க முடியும். சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து வோல்ட்டை மாற்றலாம். தாளம் வந்தது வந்தபடியே போகும். அந்தத் தாளம் எங்கே தீர்மானமாகிறது என்று பார்க்க வலப்பனைக்காரர் அதிக தூரம் போகத் தேவையில்லை. பிரதேசத்தின் தாழ்ந்த பக்கம், மகாவலியை மறித்து 1986ல் இயங்கத் தொடங்கிய ரந்தெனிகல நிலையம் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுழற்றும் பொறியின் வேகம்தான் 50 ஹேர்ட்ஸைத் தீர்மானிக்கிறது. லக்ஷபானையும் கொத்மலையும் ரந்தெனிகலயும் ஒரே வலையமைப்பில் பூட்டப்பட்டு ஒரே தாளத்தில் சுழல்கின்றன. சிக்காகோ சோக்குக்காக அந்தத் தாளத்தை எவரும் மாற்றப்போவதில்லை.

ஜப்பான் சாமான் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது. அந்த நாட்டில் எங்கும் 100 வோல்ட்தான். ஆனால் தாளம் இரண்டு. 1890களில் டோக்கியோ ஜெர்மனியில் இருந்து 50 ஹேர்ட்ஸ் பொறிகளை வாங்கியது; ஒசாக்கா அமெரிக்காவில் இருந்து 60 ஹேர்ட்ஸ் பொறிகளை வாங்கியது. அன்று போட்ட கோடு இன்றும் இருக்கிறது. புஜி ஆற்றை ஒட்டி நாடு இரண்டாகப் பிரிந்து, கிழக்கே 50, மேற்கே 60. 2011 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ மின்வெட்டில் தவித்தபோது, மேற்கில் இருந்த மின்சாரத்தை வேண்டிய அளவு கொண்டுவர முடியாமல் போனதற்கும் இதுவே காரணம். ஆகவே ஜப்பானியப் பழைய விளக்கு ஒன்று கைக்கு வந்தால் அதன் லேபலில் வோல்ட்டோடு ஹேர்ட்ஸையும் பாருங்கள். ‘50/60’ என்று இருந்தால் கவலை இல்லை. வெறும் ‘60’ என்று இருந்தால் சோக்கைக் கவனிக்க வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம். இயந்திரத்தின் மற்றப் பகுதிகள் ஏன் தப்பின? குண்டைத் தட்டும் மின்காந்தங்கள், புள்ளி காட்டும் பலகை, சத்தம் எழுப்பும் சுற்று எல்லாமே ஆடலோட்டத்தை முதலில் நேரோட்டமாக மாற்றிக்கொண்ட பிறகே வேலை செய்கின்றன. நேரோட்டத்துக்குத் தாளம் கிடையாது. சின்னக் குமிழ்கள் சூட்டினால் எரிபவை. எந்தத் தாளத்தில் சூடு வந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். இயந்திரத்தின் பெரிய நிலைமாற்றியும் 50இல் கொஞ்சம் கூடச் சூடாகும். பல நாடுகளுக்குப் போகும் இயந்திரம் என்பதால் அதற்கு இடம் வைத்தே செய்திருப்பார்கள். தாளத்தை நம்பியே கடிவாளம் போடும் ஒரே உறுப்பு சோக். அதனால் அது மட்டும் அகப்பட்டுக்கொள்கிறது.

இந்தத் தாளத்தைக் காதால் கேட்கலாம், கண்ணாலும் பார்க்கலாம். காந்தம் ஏறி இறங்கும்போது சோக்கின் இரும்பு மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. ஒரு போய்வருகைக்கு இரண்டு தடவை என்பதால் நம் ஊரில் ரீங்காரம் செக்கனுக்கு 100 அதிர்வு, சிக்காகோவில் 120. 100ஐ ஷட்ஜமாக வைத்தால் 120 சாதாரண காந்தாரத்தில் நிற்கும். நாதஸ்வரம் வாசிக்கும் ஒருவர் இரண்டு ஊரிலும் இந்த இயந்திரத்தைக் கேட்டிருந்தால் சுருதி இறங்கியிருப்பதை உடனே சொல்லிவிடுவார். வெளிச்சமும் அப்படியே செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பென்சிலை வேகமாக வீசினால் பல பென்சில்கள் விசிறி விரித்தாற்போலத் தெரிவது இதனால். பின்போல் குண்டு செக்கனுக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் ஓடினால், ஓர் ஒளித்துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு சென்றிமீற்றர் நகர்ந்துவிடும். மேலே சோக் வைத்த டியூப் லைட் எரியும் அறையில் விளையாடுபவர் கூர்ந்து பார்த்தால், குண்டின் முதுகில் விழும் விளக்கின் பளபளப்பு ஒரே கோடாக இல்லாமல் இடைவெளி விட்ட பொட்டுகளாகத் தெரியும்.

டியூப் லைட் பற்றிப் பேசும்போது ஸ்டார்டரை விட்டுவிட முடியாது. மலைநாட்டுக் குளிரில் அதுதான் அதிகம் திட்டு வாங்குகிறது. விரலளவு டப்பாவுக்குள் வாயு நிரப்பிய சிறு குமிழ். அதில் சூடானால் வளையும் ஈருலோகத் தகடு. ஆளியைப் போட்டதும் குமிழுக்குள் மெல்லிய ஒளிர்வு தகட்டைச் சூடாக்கி வளைக்கிறது, தொடுகை மூடுகிறது. டியூபின் இரு முனைச் சுருள்கள் வழியாகவும் மின்சாரம் ஓடி அவை சிவக்கின்றன. தகடு ஆறி நிமிர்ந்ததும் தொடுகை பட்டென்று பிரிகிறது. ஓட்டம் திடீரென்று அறுவதைச் சோக் பொறுக்காது. பரடேயும் ஹென்றியும் சொன்னபடி எதிர்த்து, பல நூறு வோல்ட் உதை ஒன்றைக் கொடுக்கிறது. அந்த உதையில்தான் டியூப் பற்றுகிறது. ஆனால் தொடுகை பிரியும் கணத்தைத் தாளத்தோடு இணைத்துவைக்க எதுவும் இல்லை. ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது பிரிந்தால் உதை பலம். திசை மாறுவதற்காகப் பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் பிரிந்தால் உதையே இல்லை. அதனால்தான் டியூப் லைட் இரண்டு மூன்று தடவை கண்சிமிட்டிவிட்டு எரிகிறது. இராகலைப் பக்கத்துத் தை மாதப் பனிக் காலையில் டியூபுக்குள் இரச ஆவி குறைந்திருக்கும், சுருள் சூடாகவும் நேரம் எடுக்கும். சிமிட்டல் கூடும், எரிந்த பிறகும் முதலில் மங்கலாகவே இருக்கும். வோல்ட் இறங்கிய சாயங்காலத்திலும் அப்படித்தான். இவை பழுதே இல்லை.

எது பழுது? இரு முனைகளும் சிவந்து கிடக்க நடுப்பகுதி இருட்டாகவே இருந்தால் ஸ்டார்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது, மாற்றினால் போதும். முனைகள் கரித்துப்போய் நிற்காமல் சிமிட்டினால், சுருளின் மேலிருந்த பூச்சு தேய்ந்து டியூப் ஆயுளை முடித்துவிட்டது. புதிய டியூபும் புதிய ஸ்டார்டரும் போட்ட பின்னும் சூடும் ரீங்காரமும் இருந்தால் கைவைக்க வேண்டியது சோக்கில்.

அதற்கு வெளிநாட்டில் இருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. கண்ணாடிக் குழாய்க்குத் தன் பக்கத்தில் இருப்பது சிக்காகோ சோக்கா, உள்ளூர்ச் சோக்கா என்று தெரியாது; தனக்குரிய 0.3 அம்பியர் கிடைத்தால் எரியும். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 15 வாட் என்று மூன்றும் லேபலில் எழுதிய சோக் ஒன்றை மின்சாமான் கடையில் கேட்டு வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு, விளக்குக்கு மட்டும் ஸ்டெப் டவுனைத் தாண்டிச் சுவர் மின்சாரத்தில் இருந்து தனி இணைப்புக் கொடுத்தால் வேலை முடிந்தது. இரண்டடி அல்லது நாலடி டியூபுக்கான சோக்கைப் போட்டுவிடக் கூடாது. அது இந்தச் சின்ன டியூபுக்கு வேண்டியதை விடக் கூடுதலான ஓட்டத்தை விடும். ஸ்டார்டரும் டியூபுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரிய வைத்துக்கொள்ளுங்கள். பல ஸ்டெப் டவுன் பெட்டிகளில் இரண்டு சுருள்களும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். ஆகவே 110 தானே என்று நம்பிக் கைவைத்தால் முழு அதிர்ச்சியும் கிடைக்கலாம். அமெரிக்கப் பிளக்கின் மண்தொடுப்புக் கால் உடைந்த இயந்திரங்களும் வரும். உலோகச் சட்டம் கொண்ட சாமானை மண்தொடுப்பு இல்லாமல் ஓட்டக்கூடாது. வயரிங் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை இது.

இன்னொரு வழி எல்இடி டியூப். அதற்குள்ளேயே நேரோட்டமாக மாற்றும் சுற்று இருப்பதால் 50ஆ 60ஆ என்ற கேள்வி அதற்கு இல்லை. பழைய டியூப் இனிக் கிடைப்பதும் அரிதாகும். இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ல் ஜெனீவாவில் கூடி, இந்த வகை டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் முடித்துக்கொள்ளத் தீர்மானித்தன. எல்இடிக்கு மாறுபவர் சோக்கைச் சுற்றில் இருந்து நீக்கிவிட வேண்டும். எல்இடியோடு வரும் போலி ஸ்டார்டரைப் பற்றிய குறிப்பையும் வாசித்துவிட்டுப் பொருத்த வேண்டும். கழற்றிய டியூபை அட்டை உறையில் போட்டு உடையாமல் எடுத்து வையுங்கள். உடைந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே நிற்க வேண்டும். பிறகு விளக்குமாறு போடாமல் தடித்த அட்டையால் அள்ளி, மிச்சத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி, மூடியுள்ள போத்தலில் போட்டு மூடிவிட வேண்டும்.